நானே சொல்லி நானே பதிவு செய்த மரபு

சமய வரலாற்று ஆய்வாளன் என்று என் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்கிறேன். சின்ன எழுத்து என்பதால் யாரும் கவனிப்பதில்லை, நல்லதுதான்.

மைசூர் அக்ரஹாரத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அம்மன் கோயில். திருவிழாவில் முதல் விளக்கை ஏந்திச் சுற்றி வருவது வாசலில் பூ விற்கும் அம்மா. மார்டள்ளி என்ற தமிழ்க் கிராமத்திலிருந்து வந்த குடும்பம். அவருக்கு முன்னால் அவர் மாமியார் ஏந்தினார். என் புத்தகத்திலோ, முன்பெல்லாம் ஆண்களே விளக்கெடுத்தார்கள் என்றும், அது பூசாரி குடும்பத்தின் தலைமுறை நினைவு என்றும் எழுதியிருந்தேன். அதை வாங்கிய சிலரில் கோயில் கமிட்டித் தலைவர் ஒருவர். என் கெட்ட நேரம், அவர் படித்தும்விட்டார். அந்த வருஷம் விளக்கு தலைவரின் மச்சான் கைக்குப் போனது.

பூக்காரம்மா சண்டை போடவில்லை. பூவை முழம் போட்டபடியே கேட்டார்.

"ஆம்பளைங்கதான் எடுத்தாங்கன்னு யாரு சொன்னது சார்?"

"பூசாரி. ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன்."

"ஓ. நானும் இங்கதான் உக்காந்திருந்தேன்."

பூசாரியிடம் போனேன். என்னை மேஷ்ட்ரே என்றுதான் கூப்பிடுவார், கன்னடத்தில் வாத்தியார். "அது உங்க தாத்தா சொன்னதுதானே?"

"தாத்தாவா? நீங்கதானே மேஷ்ட்ரே சொன்னீங்க. மொதல் தடவை வந்தப்போ, ஒருவேளை ஆம்பளைங்க எடுத்திருப்பாங்கன்னு. படிச்சவரு சொன்னா சரியா இருக்கும்னு, அடுத்த தடவை மெஷினை நீட்டினப்போ அதையே சொன்னேன். தப்பாயிடுச்சா?"

வீட்டில் பழைய நோட்டைப் புரட்டினேன். ஓரத்தில் என் கையெழுத்து: 'ஆண்கள்? ஒருவேளை.' கேள்விக்குறியும் ஒருவேளையும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டன. மிச்சம் அச்சேறிவிட்டது.

தலைவரிடம் போய், எழுதியது தப்பு என்றேன்.

"புக்குல இருக்கே சார்."

"அந்தப் புக்கை எழுதினதே நான்தான்."

"அதனாலதான் நம்பறோம். இப்ப வாயால சொன்னா எப்படி?"

எழுதிக் கொடுத்தேன். அடுத்த திருவிழாவில், விளக்கேற்றும் முன் கூட்டத்துக்கு நானே வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை வாசித்தேன். ஒரே முட்டாள்தனத்தை இரண்டு மொழியில் வெளியிட்டது அன்றுதான். சிரிக்க வைக்க இரண்டு வரி யோசித்து வைத்திருந்தேன். பூக்காரம்மா முன்வரிசையில் நின்றிருந்தார். அந்த இரண்டு வரியையும் விட்டுவிட்டேன்.

விளக்கு அவர் கைக்குத் திரும்பியது. என்னைக் கடக்கும்போது கொஞ்சம் நின்றார்.

"அடுத்த தடவை என்னையும் கேளுங்க சார். பூ வாங்கறப்பவே கேக்கலாம்."

மறுநாள் மெஷின் இல்லாமல் போனேன். பதினைந்து வருஷமாக அவரிடம்தான் பூ வாங்குகிறேன். அவர் பெயர் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.