‘தொழிலாளர்’ உடைந்த சனிக்கிழமை

நேற்று ஓடிய கம்ப்யூட்டர் இன்றும் ஓடும் என்று நம்பாதவன்தான் எங்கள் வேலைக்கு லாயக்கு. உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் இயங்குதளம்தான் அதில் ஓடுவது. எல்லோர் கைக்கும் வருவதற்கு முன்னால் அதன் அரைவேக்காட்டுப் பதிப்பை ஓட்டிப் பார்த்து, உடைந்ததைச் சொல்வது சம்பளமில்லாத எங்கள் பொறுப்பு. அந்தப் பதிப்புக்கு ‘நிலையற்ற கிளை’ என்று பெயர். அப்டேட் கொடுத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் சக நோயாளிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வேலைநிறுத்தம் செய்ததற்காக அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்டவன் நான். படித்ததெல்லாம் துண்டறிக்கை. இப்போது சங்க அலுவலகத்தில் மனு அடிக்கிறேன்.

எந்தக் கிளை?

போனில் ஒருவரிடம், “நான் நிலையற்ற கிளைக்கு மாறி ஆறு மாசம் ஆச்சு. பழைய கிளையில் புதுசாக எதுவும் வருவதில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை இழந்த கோவிந்தன், என்னைப் பார்க்கப் பாடிப் பக்கத்திலிருந்து வந்தவர், சங்க அலுவலக வாசலிலேயே நின்றுவிட்டார். “முப்பது வருசம் கூட நின்னு கொடி புடிச்சேன். சொல்லாம கொள்ளாம வேற கிளைக்குப் பூட்டியே நைனா!” கண் கலங்கியிருந்தது. இது கம்ப்யூட்டர் சமாசாரம் என்று விளக்கி, டீ வாங்கிக்கொடுத்தேன். பாதி டீயில் அவர் சொன்னார்: “நம்ம சங்கக் கிளை மட்டும் இன்னா, நிலையாவா கீது?”

குண்டு விழுந்த சொல்

பெண்களுக்குத் தனிக் கழிவறை கேட்ட செல்வியையும் இன்னும் ஆறு பெண்களையும் ஒரு பட்டறை, வேலைக்கு உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டது. திங்கள் காலை தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அவசர வேலை இருக்கும்போது அப்டேட் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சனிக்கிழமை கொடுத்தேன்.

‘தொழிலாளர்’, ‘கோரிக்கை’ இரண்டும் திரையில் உடைந்து, எழுத்துக்கு நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று உட்கார்ந்துகொண்டது. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், இடம் போதவில்லை என்று முந்தின நாள்தான் அதை அழித்திருந்தேன். பக்கத்து டைப்பிங் கடைக்காரர் அந்தப் பட்டறைக்கும் வேலை செய்பவர். மனுவிலோ, உள்ளே இன்னும் வேலை பார்க்கும் பெண்களின் பெயர்களும் சாட்சியாக இருந்தன. வெளியே கொடுக்க முடியாது. செல்வி திரையை உற்றுப் பார்த்தாள்: “இன்னாண்ணா, தொழிலாளர் மேல குண்டு உழுந்த மாதிரி கீது?”

நிர்வாகத்துக்குக் கண்டனம்

பிழையைத் தெரிவிக்க வேண்டிய இணையப் பக்கத்தில், பழக்கதோஷத்தால், தெரிந்த ஆங்கிலத்தில் துண்டறிக்கையே எழுதிவிட்டேன். ‘தமிழை உடைத்த நிர்வாகத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். கோரிக்கை ஒன்று...’ கண்டித்தது நான் ஒருவன்தான். ஒரு மணி நேரத்தில், எந்த நாடென்றே தெரியாத ஒரு பெண்மணி பதில் எழுதினார்: “இங்கே நிர்வாகம் என்று யாரும் இல்லை, ஐயா. லீவு நாளில் வேலை செய்யும் நான்தான் இருக்கிறேன். தவறு என்னுடையது. எந்தச் சொல் உடைகிறது?”

காவல் நிற்கும் சொல்

‘தொழிலாளர்’ என்று அனுப்பினேன். ஞாயிறு மதியம் திருத்தம் வந்தது. திங்கள் காலை செல்வியே மனுவைக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் ஏழு பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். கழிவறையை இன்னும் இழுத்தடிக்கிறார்கள், விடமாட்டோம்.

அந்தப் பெண்மணி இன்னொன்றும் செய்திருந்தார். பதிப்பு வெளிவருமுன் சோதித்துப் பார்க்கும் சொற்பட்டியலில் நான் அனுப்பியதையும் சேர்த்துவிட்டார். ‘தொழிலாளர்’ சரியாக வராமல் இனி எந்தப் பதிப்பும் வெளியே போகாது. சொன்னதும் செல்வி சிரித்தாள்: “அந்தம்மாவ நம்ம சங்கத்துல சேத்துக்கோண்ணா, தலைவியாவே போட்டுடலாம்.”

தவறை ஒப்புக்கொள்ளும் நிர்வாகத்தை ஆயுள் முழுக்கத் தேடினேன், கடைசியில் நிர்வாகமே இல்லாத இடத்தில் கிடைத்தது.