இருபத்தேழு மூட்டை வீடு

என் மனைவி நர்ஸ். ஆறு மாதத்துக்கு ஓர் ஊர் என்று ஒப்பந்தத்தில் போகிற வேலை. எனக்கோ லேப்டாப் இருக்கிற இடம்தான் ஆபீஸ். இரண்டு வருடத்தில் நாலு அபார்ட்மென்ட் மாறி, நாலாவதாக நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். அடுத்த வேலை டெக்சாஸில் என்று வந்த அன்று, இன்னும் பிரிக்காத ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்: "இனிமே நான் பேக் பண்ண மாட்டேன்பா. வீடு நம்மகூட வரட்டும்."

அப்படித்தான் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் தேட ஆரம்பித்தோம். பிக்கப் டிரக்கின் முதுகில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு அது. டிரக்கை முன்பே வாங்கியிருந்தோம். பழையதுதான், ஆனால் பலமான டீசல். சேமிப்பு ஒரு டிரெய்லருக்குத்தான் வரும். தப்பானதை வாங்கிவிட்டால் அந்தத் தப்புக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். லீஸ் முடிய ஐந்து வாரம் இருந்தது.

கீழ்வீட்டு அங்கிள் கேள்விப்பட்டு மாடிப்படியிலேயே நிறுத்தினார். "என்ன தம்பி, இவ்ளோ படிச்சுட்டு சர்க்கஸ் கம்பெனில சேர்ந்துட்டீங்களா?"

"ஆமா அங்கிள்," என்றாள் இவள். "நான் ரிங் மாஸ்டர், இவரு சிங்கம். உங்களுக்கு டிக்கெட் ஃப்ரீ."

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ரேஷன் கார்டிலிருந்து மாத்திரை அட்டை வரை வீட்டில் எல்லோருக்கும் படித்துச் சொல்லி வளர்ந்ததால், எழுத்து இருக்கிற எதையும் படிக்காமல் தாண்ட மாட்டேன். மற்றவர்கள் டிரெய்லருக்குள் நுழைந்ததும் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் கதவோரம் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படிப்பேன். உள்ளே எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில்தான் இருக்கும். கேட்காமல் எந்த சேல்ஸ்மேனும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மூன்றாவது சனிக்கிழமை ஒன்று அமைந்தது. புத்தம் புதியது, கைக்கு எட்டுகிற விலை, வெள்ளை வெளேர் என்று சமையலறை. இவளுக்கு இரண்டே நிபந்தனை: வெட் கிரைண்டர் ஆடாமல் நிற்க வேண்டும், தாளிக்கிற புகை வெளியே போக வேண்டும். கிரைண்டரைக் காரில் கொண்டுபோய் மேடையில் வைத்தே பார்த்தோம். சேல்ஸ்மேன் அதை ஏதோ மருத்துவக் கருவி என்று நினைத்து மரியாதையாக நகர்ந்து நின்றார். இரண்டிலும் பாஸ். ஸ்டிக்கரில் ஆயிரத்து ஐந்நூறு. திங்கட்கிழமை காலை கையெழுத்து என்று பேசிவிட்டு வந்தோம்.

ஞாயிறு முழுக்க வீட்டு சாமான்களை எடை போட்டேன். நம் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் இருக்குமே, ஊருக்குப் போகும்போது பெட்டி தூக்கிப் பார்க்கிற கொக்கித் தராசு, அதை வைத்துத்தான். ஒரு சூட்கேஸை நிரப்புவது, இருபத்து மூன்று வந்ததும் நிறுத்துவது, கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவது. அரிசி, பாத்திரம், புத்தகம், கிரைண்டர் கல் எல்லாமாக முப்பத்து மூன்று பெட்டி வந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் வருகிற எடையையும் சேர்த்தேன். தொள்ளாயிரத்து ஒன்பது. ஆயிரத்து ஐந்நூறில் இன்னும் எவ்வளவோ மிச்சம்! விட்டுவிட்டுப் போவதாக இருந்த என் பெரிய மேஜையையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன்.

அப்பா காங்கேயம் பக்கம் அரிசி மில்லில் லோடுமேன். போனில் அவர் விலையையும் கேட்கவில்லை, கலரையும் கேட்கவில்லை. "எத்தன மூட்ட தாங்கும் கண்ணு?" என்றார்.

கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, ஆயிரத்து ஐந்நூறை ஐம்பது கிலோ மூட்டையாக வகுத்துக்கொண்டிருந்தேன். டியூட்டி முடிந்து வந்த இவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யூனிட் எங்க?"

"என்ன யூனிட்?"

"ஆயிரத்து ஐந்நூறு என்ன? தொள்ளாயிரம் என்ன? பேஷன்ட் சார்ட்ல இப்படி எழுதினா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தோம். பவுண்ட். என் கொக்கித் தராசோ விமானத்துக்கென்று கிலோவில் வைத்தது வைத்தபடி இருந்தது. தொள்ளாயிரத்து ஒன்பது கிலோ என்றால் இரண்டாயிரம் பவுண்ட். அந்த வெள்ளைச் சமையலறையோடு நெடுஞ்சாலையில் போயிருந்தால் டெக்சாஸ் வருவதற்குள் டயரோ ஆக்சிலோ எங்களைக் கைவிட்டிருக்கும்.

"எல்லாத்தையும் படிக்கிற ஆளு," என்றாள். நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டது குறித்து எனக்கு அன்றைக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடவில்லை. அடுத்த இரண்டு வாரமும் கிலோ, பவுண்ட் என்று எழுதிய அட்டையோடு அலைந்தோம். கடைசியில் தெற்கு ஜெர்சியில் ஒரு வயதான தம்பதியிடம் கிடைத்தது. பத்து வருடப் பழசு, காப்பிக்கொட்டை நிறத் திரைச்சீலை, உள்ளே லேசாக நாய் வாசம். ஆனால் ஸ்டிக்கரில் மூவாயிரம் பவுண்ட். எங்கள் டிரக் இழுக்கிற அளவுக்குள்ளும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரை முழுக்க அடி அடியாக மிதித்துப் பார்த்தேன்; மழைத் தண்ணீர் இறங்கியிருந்தால் கால் மெத்தென்று உள்வாங்கும் என்று படித்திருந்தேன். எங்கும் உள்வாங்கவில்லை. கிரைண்டர் ஆடாமல் நின்றது. புகையும் வெளியே போனது. விலை அந்தப் புதியதைவிடக் குறைவு.

கையெழுத்துப் போட்ட கையோடு அதன் வாசற்படியில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்கால லோடு ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் யார் பெயரிலும் இதுவரை ஒரு வீடு இருந்ததில்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "இருபத்தேழு மூட்டைப்பா," என்றேன்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சத்தம் போடுவது கேட்டது. "டேய், என்ற பையன் வீடு வாங்கீட்டான்டா! இருவத்தேழு மூட்ட தாங்குமாமா!"

"வீட்ட எவனாச்சும் மூட்டக் கணக்குல அளப்பானாய்யா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"எங்கூட்ல அப்படித்தான்டா அளப்போம்," என்றார் அப்பா.