கருப்பனாரிடம் கேட்ட பதில்

எங்கள் மேல் வங்கி வழக்குப் போட்ட செய்தியை வீட்டுக்குப் படித்துச் சொன்னவள் நான்தான். அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள். மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பஸ்ஸின் நெற்றிப் பலகை, எதுவாக இருந்தாலும் நான் சொன்னால்தான் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. இப்போதும் இருப்பதாக உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

நீதிமன்றத்திலிருந்து சம்மனோடு ஆள் வந்தபோது அப்பா மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காட்டுப் பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, வாங்காதே என்று கண்ணைக் காட்டினார். வாங்கினால்தான் வழக்கு ஒட்டும், வாங்காவிட்டால் வந்த வழியே போய்விடும் என்பது அவர் சட்டம். அப்பாவால் அது முடியவில்லை. வந்தவரின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"வெயில்ல வந்திருக்கறீங்க. மொதல்ல மோர் குடிங்க."

அவர் மோரைக் குடித்தார். அப்பா கட்டைவிரலை நீட்டி ரேகை வைத்தார். "உங்களாட்டம் ஆளுகளுக்குக் குடுக்கறப்பத்தானுங்க சங்கடமா இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். போகும்முன் செம்பைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார் என்று அம்மா பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறாள். அந்த வழக்கில் எங்களுக்கு மரியாதை செய்த ஒரே ஆள் அவர்தான் என்பது அவள் கணக்கு.

ஒன்றாம் பிரதிவாதி மாமா, இரண்டாம் பிரதிவாதி அப்பா. பிரதிவாதி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் முதலிடம், இரண்டாமிடம் வாசிப்பதுபோல உரக்க வாசித்தேன்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. அம்மாவைவிட ரொம்பச் சின்னவர். அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததால்தான் தான் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அம்மா சொல்வாள். அதைக் குறையாகச் சொல்லமாட்டாள். திருச்செங்கோட்டுப் பக்கத்து இளவட்டங்களைப் போல அவரும் போர் வண்டியில் வேலைக்குப் போனார். வடக்கே எங்கெங்கோ ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டு, தலையெல்லாம் கல்தூள் படிந்து கிழவனைப் போல ஊருக்கு வருவார். அம்மா அவரை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிவிடுவாள். தூள் போகப் போக அதற்குள்ளிருந்து மாமா வெளியே வருவார்.

பிறகு சொந்த வண்டி வாங்க வங்கியில் கடன் கேட்டார். அப்பா ஜாமீன் நின்றார். வண்டிக்குப் பூசை போட்ட அன்று மாமா என்னைத் தூக்கி டிரைவர் சீட்டில் உட்காரவைத்து ஹாரனை அடிக்கச் சொன்னார். அது நாலு காட்டுக்குக் கேட்டது.

அந்த வண்டி இப்போது இல்லை. தவணை நின்றுபோனதால் வங்கியே பிடித்துக்கொண்டு போய் விற்றுவிட்டது. விற்றது போக மீதிக்குத்தான் வழக்கு. மாமாவிடம் எடுத்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. அப்பாவிடம் மரவள்ளிக் காடு இருந்தது. காட்டுக்குள் எங்கள் ஓட்டு வீடு இருந்தது.

அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லித் திருச்செங்கோட்டுக்குக் கூட்டிப்போனார். வக்கீல் ஆபீஸ் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. வக்கீல் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமாங்க?"

"இல்லீங்க. கைநாட்டுத்தானுங்க."

"எப்பவுமேவா?"

"பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க."

வக்கீல் சிரித்துவிட்டார். அப்பாவுக்கு எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார். பிறகு வக்கீல் இரண்டு தாள்களை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றில் அப்பாவின் விரல் ரேகை. அது வண்டி வாங்கிய கடன், பெரும்பாலும் அடைந்துவிட்டது. அதற்குப் பிறகு கம்ப்ரஸர் மாற்றுவதற்கென்று மாமா இன்னொரு கடன் வாங்கியிருந்தார். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அதற்கும் ஜாமீன் அப்பாதான் என்று போட்டிருந்தது. ஆனால் ரேகை இல்லை. அப்பாவின் பெயரை யாரோ சரசரவென்று கையெழுத்தாகப் போட்டிருந்தார்கள்.

அப்பா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர் இவ்வளவு நேரம் எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"இது என்ற பேருங்களா?" என்று கேட்டார்.

வக்கீலுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "ஆமாப்பா. தப்பில்லாம எழுதியிருக்குது."

வக்கீல் என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் மெதுவாகப் பேசினார். "இது ஒண்ணு போதுமுங்க. நான் போட்ட கையெழுத்தில்ல, எனக்குக் கையெழுத்தே தெரியாதுன்னு பதிலுரை போட்டுடலாம். காட்டைப் பத்தி வெசனப்பட வேண்டாம். ஆனா, நீங்க போடலைன்னா பொறவு யாரு போட்டாங்கன்னு கேள்வி வரும். பேங்க் போலீசுக்குப் போகும். உங்க மாப்ள உள்ள போயிருவாரு. யோசனை பண்ணிட்டு வாங்க. தேதிக்குள்ள பதில் போடலைன்னா, எல்லாத்தையும் நீங்க ஒத்துக்கிட்ட மாதிரிதான்."

எனக்கு இதெல்லாம் பரீட்சை மாதிரித்தான் பட்டது. வங்கி கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறது. பதில் எழுதினால் பாஸ், எழுதாவிட்டால் ஃபெயில். பஸ்ஸில் அப்பாவிடம் சொன்னேன்: "அதான் பதில் தெரிஞ்சு போச்சேப்பா. எழுதிட வேண்டியதுதானே?"

"எழுதலாஞ் சாமி" என்றார். என்னை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டில் அம்மா போட்ட சத்தம் பெரியப்பாவின் காடு வரை போனது. "போயி எழுதிக் குடுத்துட்டு வாங்க. அவனாச்சு, போலீசாச்சு."

"உன்ற தம்பிங்கறத நெனச்சுப் பேசு."

"தம்பியாம் தம்பி! நம்ம கழுத்தறுத்தவனுக்குப் பரிஞ்சா இவ படிப்புக்கு என்னங்க வழி? இருக்கறதே இந்தக் காடுதான்."

என் படிப்பைச் சொன்னதும் நான் அம்மாவின் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் மாமா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். அந்தத் தடவை தலையில் கல்தூள் இல்லை. ஆனாலும் கிழவனைப் போலத்தான் இருந்தார். அம்மா வாசலில் நின்றபடி திட்டினாள். திட்டிக்கொண்டே உள்ளே போய்ச் சோறு போட்டு எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"கட்டீரலாம்னுதானக்கா நெனச்சேன். போட்ட போரெல்லாம் தண்ணியில்லாமப் பொகையாப் போச்சு. ஒருத்தனும் பணந் தரல."

"உன்ற மூஞ்சியில முழிக்கவே புடிக்கல. சோத்தத் தின்னு."

மாமா பிசைந்தார். வாயில் வைக்கவில்லை. அப்பா காட்டிலிருந்து வந்ததும் எழுந்து நின்றார்.

"எப்ப வந்தீங்க மாப்ள?" என்றார் அப்பா.

"இப்பத்தானுங்க மச்சான்."

"அக்கட்டால மழ உண்டுங்களா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான் பேசினார்கள். இத்தனை பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாமா போன பிறகு அப்பா சொன்னார்: "கருப்பனாருகிட்டப் பூப்போட்டுக் கேட்டுக்கலாம். அவரு சொல்றபடி."

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, பங்கு பிரிப்பது எல்லாமே பூப்போட்டுக் கேட்டுத்தான் நடக்கும். ஒரு இலைத் துண்டில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. வெளியே வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே மாதிரி கட்டிச் சாமி காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். இதில் வெள்ளை என்றால் நீதிமன்றத்துக்குப் போய்ப் பதில் கொடுப்பது. சிவப்பு என்றால் பேசாமல் இருந்துவிடுவது.

"பொட்டலம் நான் கட்டறேன்" என்றாள் அம்மா. சாயங்காலமே இரண்டு நிறப் பூவையும் பறித்து, வாழை இலையில் மடித்து, நாரால் கட்டி, ஈரத்துணி சுற்றி வைத்துவிட்டதாகச் சொன்னாள்.

விவரம் தெரியாத குழந்தையாக என்னைப் பிடித்தார்கள். ஏழாம் வகுப்பு படிப்பவளை அப்படிச் சொன்னதில் எனக்கு மானக்கேடாக இருந்தது. ஆனாலும் சம்மதித்தேன். வெள்ளையை எடுத்துவிடுவேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். சரியான விடையை எடுப்பது என் வழக்கம்.

காலையில் மூன்று பேரும் ஏரிக்கரைக் கோயிலுக்கு நடந்தோம். பூசாரி பொட்டலங்களைத் தட்டில் குலுக்கிக் கருப்பனாரின் காலடியில் போட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நான் இடது கைப்பக்கம் கிடந்ததை எடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார்.

சிவப்பு.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். காடு போகிறதென்று அழுகிறாள் என நினைத்து எனக்கும் அழுகை வந்தது. அப்பா விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்தார். நான் மற்ற பொட்டலத்தின் மேல் கை வைத்தேன். வெள்ளை எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று பார்க்கும் ஆசை. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது வேண்டாஞ் சாமி. கேட்டாச்சு. சொல்லிட்டாரு."

தேங்காய் உடைக்க அவர் திரும்பியதும் அதை எடுத்துப் பாவாடைக்குள் சொருகிக்கொண்டேன். கோயிலுக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். அதிலும் செவ்வரளி.

எனக்குப் புல்லரித்துப் போனது. கருப்பனார் எவ்வளவு தீர்மானமாக இருந்தால் வெள்ளைப் பூவையும் சிவப்பாக மாற்றியிருப்பார்! ஓடிப்போய் அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா பொட்டலத்தைப் பிடுங்கி ஏரியில் எறிந்தாள். "யாருகிட்டயும் சொல்லாத கண்ணு. சாமி குத்தமாயிரும். அப்பாகிட்டயும் சொல்லாத." ஒரு அதிசயத்தைக் கண்ணால் பார்த்த கர்வத்தோடு நான் வெகுகாலம் அதைக் காப்பாற்றினேன்.

அப்பா நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வக்கீல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா போனை எடுத்துப் பார்ப்பார், அது அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருப்பார். நீதிமன்றத்தில் அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருப்பார்கள். அவர் அப்போது மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். பதில் தெரிந்தும் தாளை வெறுமையாகக் கொடுக்கும் ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த கோடையில் தமுக்கு அடித்து எங்கள் காட்டை ஏலம் சொன்னார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்தார். நாங்கள் திருச்செங்கோட்டில் ஒற்றை அறைக்குக் குடிவந்தோம். போர் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. புது வண்டிகளுக்குப் பூசை போடும் நாட்களில் பொரியும் பழமும் கொண்டுவருவார். அம்மா பஞ்சு மில்லுக்குப் போனாள். என் படிப்பு நிற்கவில்லை. அது எதனால் நிற்கவில்லை என்பது அவர்கள் இருவரின் கைகளைப் பார்த்தால் தெரியும்.

நான் பெரியவளானபோது மாமா சீர்த் தட்டோடு வந்தார். தட்டை வாங்கும்போது அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாதான், "சாப்பிட்டுப் போங்க மாப்ள" என்று கையைப் பிடித்தார்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் விடுதிச் சுவரோரம் அரளி பூத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை, வெள்ளையாகவே இருந்தது. அம்மா எதைக் கட்டியிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் கேட்கும்படி ஒன்றைச் சொல்லிவிட்டு, ஈரத்துணிக்குள் வேறொன்றைக் கட்டி வைத்திருக்கிறாள். பாவம், அப்பாவுக்கு இது தெரியாதே என்றும் அன்று நினைத்தேன்.

இன்னொரு விஷயத்தை இதுவரை சொல்லவில்லை. நடந்தபோது அது சொல்லத்தக்கதாகவே தோன்றவில்லை. எங்கள் வாசலில் வெள்ளை அரளி புதிதாக நட்டது. எங்கள் ஊரிலேயே அது ஒன்றுதான்; அதற்கு முன் பூப்போடுகிறவர்கள் வெள்ளைக்குத் திருச்செங்கோட்டுக்குத்தான் போவார்கள். அது முதல் தடவையாக ஒரே ஒரு கொத்துப் பூத்திருந்தது. கோயிலுக்குக் கிளம்பிய காலையில் அம்மா உள்ளே விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவும் நானும் வாசலுக்கு வந்துவிட்டோம். அப்பா அந்தச் செடிக்கு முன்னால் நின்றார். கொத்து ஒரு பூக்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது. உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு கொத்தைக் காம்போடு ஒடித்து வேலிக்கு அப்பால் வீசினார்.

"ஏம்ப்பா நல்ல பூவை வீசறீங்க?"

"பூச்சி புடிச்சிருக்குது சாமி. நட."

நான் எட்டிப் பார்த்தேன். பூச்சி எதுவும் தெரியவில்லை. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.