செல்வராசு அண்ணன் மீசையை எடுத்த நாள்

தேவனாம்பட்டினத்தில் எங்கள் குறும்படத்தின் கடைசி நாள் ஷூட்டிங். செல்வராசு அண்ணன் மீசை இல்லாமல் வந்து நின்றார். எது குளோசப், முந்தைய ஷாட்டில் சட்டை, முடி, மீசை எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதிவைக்கும் கன்டினியூட்டி வேலை என்னுடையது. அதுதான் என் முதல் படம்.

தகப்பன் சாகக் கிடக்கும்போதே படகுக்காக அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. அண்ணனாக நடித்த செல்வராசு அண்ணனும் தம்பியாக நடித்த குமாரும் நிஜத்திலும் உடன்பிறந்தவர்கள்.

"ஏண்ணே இப்பிடிப் பண்ணீங்க?"

"உன் நோட்டுலதான பாத்தேன்? அவனுக்குப் பதினோரு குளோசப், எனக்கு நாலு. மீச இருந்து என்னா ஆவப்போவுது?"

தப்பு என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் எழுத்தைப் படிக்க அங்கே ஆள் கிடையாது. முந்தின நாள் அவர் நோட்டைக் கேட்டதும் பெருமையாக விரித்துக் காட்டிவிட்டேன்.

கேமராவை அன்று மாலையே திருப்பித் தர வேண்டும். கடைசிக் காட்சி இல்லாமல் படம் இல்லை. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சார், அந்தக் காட்சியைக் கருமாதிக்கு மறுநாள்னு மாத்திடலாம். ரெண்டு புள்ளைங்களுக்குமே மீசை இருக்காது" என்றேன்.

குமார் குதித்தார். "அவன் பொறாமையில எடுத்தான். நான் எதுக்கு எடுக்கணும்? எங்கப்பா கல்லு மாதிரி இருக்காரு!"

வேடிக்கை பார்க்க வந்திருந்த அவர்களுடைய அப்பா சொன்னார்: "பெரியவன் காலையிலயே என்னைக் கொன்னுட்டான். நீ மட்டும் எதுக்குடா பாக்கி? போய் எடுத்துட்டு வா."

ஒரே டேக்கில் காட்சி முடிந்தது. தம்பியின் வெறும் முகத்தைப் பார்த்து அண்ணன் வசனம் மறந்து அழுதார். கட் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"மீச இல்லாமயும் அவன்தான் அழகா இருக்கான், இல்ல?"

நான் சிரித்துவிட்டேன்.

சிதம்பரத்தில் படத்தைத் திரையிட்டோம். மீசையில்லாத அந்தக் கடைசிக் காட்சிக்காக எல்லோரும் டைரக்டரின் கையைக் குலுக்கினார்கள். "திடீர்னு தோணுச்சு" என்றார் அவர். என் பெயரைச் சொல்லவில்லை. கைதட்ட எனக்குக் கை எழவில்லை.

பக்கத்தில் இருந்த செல்வராசு அண்ணன் என்னைப் பார்த்தார்.

"எரியுதா தங்கச்சி? எனக்கு அவன் பொறந்ததுலேருந்து எரியுது."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஷாட் நோட்டை நடிகரிடம் காட்டாதீர்கள். காட்டிவிட்டால், அவர் பொறாமையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.