சீசாவில் நாற்பத்து மூன்று

யுத்த காலம். பாரிவாக்கத்தில் மாட்டுவண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்து, எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அறுத்து, கம்பி வைத்து, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

"மூட்டு வாதத்துக்குச் சாப்பிடுற மாத்திரையை எலும்பு கூடுற வரைக்கும் தொடாதீங்க" என்றார் டாக்டர். "அது எலும்பு சேர்றதைத் தாமதப்படுத்துதோன்னு எனக்குச் சந்தேகம். புத்தகத்துல இல்ல, என் நோயாளிங்ககிட்ட பார்த்தது."

பூந்தமல்லி வீட்டுக்கு வந்ததும் மாத்திரை சீசாவைக் கவிழ்த்து எண்ணினேன். நாற்பத்து மூன்று. தினமும் காலையில் எண்ணினேன், ஒன்றும் குறையவில்லை. முதல் வாரம் விரல் மூட்டெல்லாம் உயிரை எடுத்தது. பிறகு அடங்கியது. மனைவி தேனில் குழைத்துத் தந்த சுக்குப் பொடிதான் காரணம் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பத்து வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு கூடவில்லை. இன்னும் ஆறு வாரத்தில் கூடாவிட்டால் மறுபடி அறுக்க வேண்டுமாம்.

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"எண்ணிப் பாருங்க" என்று சீசாவை நீட்டினேன். "வலிதான் சுக்கிலேயே போயிட்டுதே."

"சுக்குல இவ்வளவு போகாதே" என்று டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையை முறுக்கினாள்.

"நாந்தான் ஐயா. வேற சீசா வாங்கி, தினம் ரெண்டு இடிச்சு சுக்கோட கலந்தேன். இவரு சீசாவுல கை வெச்சா எண்ணிக் கண்டுபுடிச்சுடுவாரே! எத்தினி தபா முனகினோம்னுகூட எண்ணிகினு கீறாரு. பார்க்க முடியல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் அறுக்காமலே கூடலாம் என்ற நினைப்பில் நிம்மதிதான் வந்தது.

அடுத்த நாற்பத்திரண்டு நாளும் வெறும் சுக்கு. ஒரு நாள் அறுபத்தொரு தடவை முனகினேன். "நேத்துக்கு இன்னிக்கு கம்மிதான்" என்றாள்.

ஆறு வாரம் முடிந்து டாக்டர் புதுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முறிந்த இடத்தில் வெள்ளையாக எலும்பு படர்ந்திருந்தது.

"கூடிடுச்சு."

"மாத்திரை நின்னதாலயா, நாள் ஆனதாலயா?"

"யாருக்குத் தெரியும்? காலைக் கீழ வைங்க."

வைத்தேன். தாங்கியது. வீட்டுக்கு வந்து, டாக்டர் அனுமதியோடு இரண்டு மாத்திரை விழுங்கினேன். மிச்சம் நாற்பத்தொன்று. அவளுடைய சீசாவில் எத்தனை மிச்சம் என்று மட்டும் அவள் இன்றுவரை சொல்லவில்லை.