யூசுப் பாயின் இரண்டாவது கொட்டகை

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தபோது தீவனக் கடைக்காரர் அழைத்தார். "யூசுப் பாய் போய்ட்டாரு சார். காலைல நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான்." ரயிலை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி, பைக்கை எடுத்துக்கொண்டு பாயின் கோழிப் பண்ணை இருக்கும் செய்யூருக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் என்று அவரை அறிந்த பண்ணைக்காரர்களாகிய உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயைக்கூடக் கொட்டகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடிதான் குடிப்பார். தீவன நிறுவனத்தின் கள அலுவலரான நானும் பின்னாலேயே நடக்க வேண்டும். "ஆளு நடந்தாதான் சார் கோயி எழுந்து தீனி எடுக்கும். நாம குந்திகினா அதுவும் குந்திக்கும்" என்பார். பிராய்லர் கோழியைப் பற்றி நான் கல்லூரியில் படித்ததெல்லாம் அந்த நடைக்கு முன்னால் கொஞ்சம் அசடு வழியும்.

ஆன்டிபயாடிக் இல்லாத தீவனத்தில் பூண்டு, மஞ்சள், ஓமம் அரைத்த பொடியைக் கலந்தால் கோழி எப்படி வளர்கிறது என்று பார்க்கும் வேலை எனக்கு வந்தது. பாயின் இரண்டு கொட்டகைகளிலும் ஒரே நாளில் குஞ்சு இறக்கினோம். முதலாவதற்குப் பொடி கலந்த தீவனம், இரண்டாவதற்குப் பொடி கலக்காதது. கடைசியில் வெளியே வண்டியில் ஏற்றும்போது எடை போட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பொடியால் பயனில்லை என்று அறிக்கை எழுதினேன். நிறுவனமும் அந்தப் பொடியைக் கைகழுவியது.

அடுத்த பேட்ச் குஞ்சு இறங்கிய அன்று பாய் நடந்துகொண்டே சொன்னார்: "ஒரு தப்பு பண்ட்டேன் சார். ரெண்டாவது கொட்டாயில பத்தாம் நாளே கழிச்சல் கண்டுச்சு. இந்தாண்ட கோயி தெம்பா கீது, அந்தாண்ட சோந்துகினு கீது. எப்டி பாத்துகினு இருக்கறது? மூட்டை மேல எழுதியிருந்த சாமான பாத்து வாங்கி மில்லுல அரைச்சு, அதுங்களுக்கும் கலந்து போட்டுட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா பாய்? நான் எழுதுனதெல்லாம் பொய்யாயிடுச்சே" என்று கத்தினேன்.

"அதான் இப்ப சொல்றேன்ல. மாத்தி எழுதிடு சார்."

நான் மாற்றி எழுதவில்லை. எழுதினால் இரண்டாவது கொட்டகைக்குள் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். ஒரு தடவை உள்ளே போயிருந்தால் ஓம வாசனையே காட்டிக் கொடுத்திருக்கும். பொடி போட்ட கொட்டகையை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதைப் போனில் விசாரித்து எழுதிய சோம்பேறி நான். பாய் செய்தது இரக்கம். நான் செய்ததற்கு அப்படி எந்த நல்ல பெயரும் கிடையாது.

பிறகு எப்போது பார்த்தாலும், "இன்னா சார், எழுதிட்டியா?" என்பார். "எழுதிடலாம் பாய்" என்பேன். ஒரு நாளும் கோபமாகக் கேட்டதில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. செய்யூர்ப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். அன்று வழியெல்லாம் வந்த பயம் இதுதான்: கேட்க அவர் இல்லாவிட்டால் நான் எழுதவே மாட்டேன்.

அடக்கம் முடிந்ததும் அவருடைய தம்பி என்னைத் தனியே அழைத்தார். "போன வாரம்கூட உங்கள கேட்டுகினு இருந்தாரு. அந்த சார் எழுதிட்டாரான்னு. இன்னா சார் அது?" அப்படியே கொட்டகைக்குப் போனேன். அத்தனை கோழிகளும் படுத்துக் கிடந்தன. நடந்தேன். ஒவ்வொன்றாக எழுந்து தீவனத் தட்டுக்குப் போயின.

அந்தப் பொடியால் பயனில்லை என்று நான் எழுதியது தவறு. பயன் உண்டு என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு கொட்டகையும் ஒரே பொடியைத் தின்ற பிறகு எதையும் சொல்ல முடியாது, திரும்பச் செய்து பார்க்க வேண்டும். இதையெல்லாம், நான் போகாததையும் சேர்த்து, நிறுவனத்துக்கு எழுதி இன்று காலை அனுப்பிவிட்டேன்.

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது "எழுதிட்டியா?" என்ற அந்தக் கேள்வியைத்தான். கடிதம் போனதும், அவரிடம் சொல்வதற்காகப் போனை எடுத்து அவர் எண்ணைத் தேடிவிட்டேன்.