மல்லிகா அக்காவின் படம் போட்ட பாக்கெட்

மல்லிகா அக்காவைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் சில இடங்களில் முகம் சுளிக்கலாம். அவரும் நாள் முழுக்க முகம் சுளித்தவர்தான்.

செய்தி வந்தபோது, அம்மா வேலை செய்யும் ஏற்காடு விடுதியின் சமையலறையில் நான் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஓவன் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அக்கா இறந்துவிட்டதாக மேனேஜர் வந்து சொன்னார். சொன்ன கையோடு, நாளைக் காலைக்கு கிரானோலா இருக்கிறதா என்று கேட்டார். அம்மா தேய்த்த தட்டையே மறுபடியும் தேய்த்தார்.

அக்கா அந்த விடுதியின் சமையல்காரர். ஓட்ஸ், வேர்க்கடலை, முந்திரி, பூசணி விதை எல்லாவற்றையும் தேனும் எண்ணெயும் விட்டுப் பிசறி ஓவனில் வறுப்பார்; அதுதான் கிரானோலா. விருந்தினர்கள் அதைப் பாலில் போட்டுச் சாப்பிடுவார்கள். ஊருக்குப் போகும்போதும் கேட்டு வாங்கிப்போவார்கள். அக்காவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "மாட்டுக்கு வெக்கறதுல தேன் ஊத்தித் திங்கறாங்க கண்ணு" என்பார். ஆனால் அவர் தட்டில் ஒரு கடலை கருகி நான் பார்த்ததில்லை.

ஒரு மழைக்கால மாலை, வறுத்தது ஆறிக்கொண்டிருந்தபோது யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். மூடுபனி உள்ளே வந்து எல்லாம் நமுத்துப்போனது. அக்கா திட்டிக்கொண்டே மறுபடி ஓவனில் வைத்தார். சரியாகிவிட்டது. "நமுத்துப் போனதுக்குச் சூடு காட்டலாமுங்க. சிக்கு அடிச்சா குழியிலதான் கொட்டோணும்" என்று மேனேஜரிடம் சொன்னார்.

எண்ணெய்ப் பசை கெட்டு வரும் அந்தச் சிக்கு வாடை அடிக்கிறதா என்று அவர் பார்க்கும் விதம் எனக்குக் குமட்டும். முந்திரியைக் கூழாகும்வரை மென்று, உள்ளங்கையில் துப்பி, மூக்கருகே வைத்து முகர்வார். பக்கத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கவலைப்பட மாட்டார். காய்ச்சலில் படுப்பதற்கு முந்தைய வாரம் அப்படி முகர்ந்துதான் ஒரு டின் முந்திரியை, கொட்டிவிட வேண்டும் என்று ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

படத்திறப்பு விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அக்கா தன் குடும்பத்தில் ஒருவர் என்று மேனேஜர் பேசினார். ஒவ்வொரு நாற்காலியிலும் அக்காவின் படம் போட்ட கிரானோலா பாக்கெட் இருந்தது. அவர் நினைவாக இனி அவர் பெயரிலேயே விற்கப் போகிறார்களாம். நான் பிரித்தேன். நாள்பட்ட தலையணை உறையின் எண்ணெய் நாற்றம் வந்தது. அக்கா ஒதுக்கிவைத்த டின்னைத்தான் இதில் கலந்திருக்கிறார்கள் என்று அம்மா காதோடு சொன்னார். சுற்றிலும் எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். "அதே கைப்பக்குவம்" என்றார் ஒருவர், பல்லிடுக்கை விரலால் நோண்டியபடி.

நான் இரங்கல் வாசிக்க வேண்டியிருந்தது. அம்மா என் கையைப் பிடித்தார்.

"இதப் பத்திப் பேசாத சாமி. நாளைக்கும் நான் இங்கதான் வேலைக்கு வரோணும்."

எழுதியதைப் பாதிவரை வாசித்தேன். பிறகு முடியவில்லை. இது அக்கா செய்ததல்ல, முந்திரி சிக்கு அடிக்கிறது, அவர் படத்தை இதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன்.

மேனேஜர் சிரித்தார். "சின்னப் புள்ள. அழுது அழுது வாய் கசக்குதாட்ட இருக்குது."

பலர் சிரித்தார்கள். அம்மா எழுந்தார். நேராக நடந்துபோய்த் தன் பாக்கெட்டை மேனேஜர் முன்னால் மேஜையில் வைத்தார்.

"எனக்கும் கசக்குதுங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தோட்டக்காரர் வாயில் இருந்ததைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, தன் பாக்கெட்டையும் கொண்டுபோய் வைத்தார். இன்னும் சிலர் வைத்தார்கள். பலர் வைக்கவில்லை, பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

அக்காவைப் பற்றி இனிமையாக ஏதாவது சொல்லி முடிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அவரிடமிருந்து கிடைத்தது அருவருப்பு. கெட்டதை வாயில் வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாத அந்த அருவருப்பை நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்தது என்றார் மேனேஜர். அம்மாவும் நானும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.